ஒரு க்ளூ தரட்டுமா?

கல்யாணத்தில் பந்தி விசாரிக்க ஒருவர், பத்திரத்தில் வில்லங்கம் கண்டுபிடிக்க ஒருவர், யார் வீட்டுக்குப் போனாலும் மிக்ஸியைக் கழற்றிப் பார்க்க ஒருவர் என்று ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஆட்கள் உண்டு. யாரும் நியமிப்பதில்லை, தாமாகவே பதவி ஏற்றுக்கொள்வார்கள். அந்த வரிசையில் அண்மையில் வந்து சேர்ந்திருப்பவர் க்ளூ மாமா.

அவரை அடையாளம் காண்பது சுலபம். எங்காவது ஒருவர் பேனாவையோ போனையோ கையில் வைத்துக்கொண்டு, மோட்டுவளையைப் பார்த்தபடி உதட்டை அசைத்துக்கொண்டிருந்தால் போதும், ஐந்தாவது நிமிடம் மாமா அங்கே ஆஜர். அடுத்தவர் யோசிப்பது அவர் கண்ணுக்குத் தவிப்பாகத்தான் தெரியும். "ஒரு க்ளூ தரட்டுமா?" என்பார். வேண்டாம் என்றால், "சின்ன க்ளூதான்" என்பார். வேண்டவே வேண்டாம் என்றால், "சரி, சொல்லலை. ஆனா சமையக்கட்டுப் பக்கம் ஒரு நடை போய்ட்டு வந்தா தெரிஞ்சிடும்" என்று சொல்லிவிட்டு, உபகாரம் செய்த களையோடு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொள்வார்.

நான் சொல்வது என் தாய்மாமாவை. உங்கள் வீட்டிலும் ஒருவர் இருப்பார்.

இந்த இனத்துக்குப் பூர்வீகம் உண்டு. பீச்சுக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்சார ரயில் ஓடத் தொடங்கியது 1931இல். அடுத்தவர் பேப்பரைத் தோள்வழியாகப் படிக்கும் கலையும் அதே வண்டியில்தான் கிளம்பியிருக்க வேண்டும். மாமா வேலைக்குப் போன காலமெல்லாம் அந்தக் கலையில் கைதேர்ந்தவர். ஜன்னலோரத்தில் ஒருவர் ஆங்கிலப் பேப்பரை நாலாக மடித்துக் குறுக்கெழுத்தில் பேனாவை வைத்தால், பல்லாவரத்தில் மாமாவின் கழுத்து நீளும். மீனம்பாக்கத்தில், "பதினாலு டவுன் பார்த்தீங்களா சார்?" கிண்டியில் முதல் எழுத்து. மாம்பலத்தில், கேட்காமலே கடைசி எழுத்து. எழும்பூரில் இறங்கிப் போய்விடுவார். அந்த மனிதர் நடு எழுத்துகளோடு மல்லாடிக்கொண்டே பீச் வரை போவார்.

தமிழ்ப் பத்திரிகைகளின் குறுக்கெழுத்து அவருக்கு இன்னும் தோதான மைதானம். அதில் சொல் இடமிருந்து வலம், மேலிருந்து கீழ் என்பதோடு நிற்பதில்லை. வலமிருந்து இடம் வரும், கீழிருந்து மேலேறும். அப்படியும் இடம் பற்றாவிட்டால் குறிப்புக்குப் பக்கத்தில் 'குழம்பியுள்ளது' என்று போட்டுவிடுவார்கள். குழம்பியிருப்பது விடையா, போட்டவரா என்று தீர்ப்புச் சொல்லவே ஆபீஸ் கேன்டீனில் ஒரு ஆள் தேவைப்பட்டார். மாமாதான் அந்த ஆள்.

பணம் சம்பந்தப்பட்டால் மட்டும் இந்த உபகாரக் குணம் கொஞ்சம் சுணங்கும். 1930களில் ஆனந்த விகடன் குறுக்கெழுத்துப் போட்டி வைத்துப் பரிசுப் பணம் கொடுத்தது. அந்தப் பரிசுக் காலத்து மனுஷர் எங்கள் தாத்தா. கதவைச் சாத்திக்கொண்டுதான் கட்டம் நிரப்புவாராம்; பாட்டி காப்பி கொண்டுவந்தால்கூடத் தாளைக் கவிழ்த்து வைத்துவிட்டுத்தான் டம்ளரை வாங்குவாராம். கூடப்பிறந்த தம்பிக்கு ஒரு எழுத்துச் சொன்னதில்லை. இன்றைக்கு வேர்டிலில் ஜெயித்தால் சல்லிக்காசு கிடையாது. மாமா வள்ளலாக இருப்பதற்கு அதுதான் காரணம் என்பது என் கட்சி. அத்தைக்கும் அதே அபிப்பிராயம்.

வேர்டில் தெரியாத ஒன்றிரண்டு பேருக்காக: ஐந்தெழுத்து ஆங்கிலச் சொல் ஒன்றை ஆறு முயற்சிக்குள் கண்டுபிடிக்க வேண்டும். எழுத்து சரியான இடத்தில் இருந்தால் பச்சை, இடம் மாறியிருந்தால் மஞ்சள், இல்லவே இல்லை என்றால் சாம்பல். ஒரு நாளைக்கு ஒரே சொல். உலகத்துக்கெல்லாம் அதே சொல். ஜாஷ் வார்டில் என்ற மென்பொருள்காரர் தன் துணைவி பொழுதுபோக்கச் செய்துகொடுத்தது. 2021 நவம்பர் முதல் தேதி ஆடியவர்கள் 90 பேர். இரண்டு மாதத்தில் மூன்று லட்சம் பேர். அடுத்த ஜனவரி முடிவதற்குள் நியூயார்க் டைம்ஸ் அதை விலைக்கு வாங்கிவிட்டது. இதே பத்திரிகை 1924இல் குறுக்கெழுத்துப் பைத்தியத்தைக் கண்டித்துத் தலையங்கம் எழுதியது. 1942இல் தானே குறுக்கெழுத்துப் போட ஆரம்பித்தது. "அவனே மாறிட்டான், எனக்கென்ன?" என்று சொல்லித்தான் மாமாவும் பேனாவை மூடிவிட்டுப் போனைத் திறந்தார்.

ஆடி முடித்தவர்கள் விடையைக் காட்டாமல் வண்ணக் கட்டங்களை மட்டும் அனுப்பிக்கொள்ளும் வசதி 2021 டிசம்பரில் வந்தது. யார் எத்தனையாவது முயற்சியில் முடித்தார்கள் என்பது மட்டும் தெரியும். என்ன சொல் என்பது தெரியாது. நாகரிகமான ஏற்பாடு. மாமாவுக்கு இது ஆகவே ஆகாது. "வெறும் கட்டத்தை அனுப்பிச்சா யாருக்கு என்ன பிரயோஜனம்?" என்று, கட்டத்துக்குக் கீழே ஒரு வரி சேர்ப்பார். அந்த வரிதான் எங்கள் குடும்பத்தைப் பிடித்த சனி.

இங்கே ஒரு பூகோள விஷயம் இருக்கிறது. அவரவர் ஊரில் நள்ளிரவு பன்னிரண்டு அடித்ததும் சொல் மாறும். நியூஜெர்சியில் இருக்கும் மகனும் மருமகளும் நமக்கு ஒன்பதரை மணி நேரம் பின்னால், குளிர்காலத்தில் பத்தரை. கலிஃபோர்னியா மகள் அதற்கும் மூன்று மணி பின்னால். மாமா மாத்திரை போட்டுக்கொள்ளும் சாக்கில் விழித்திருந்து பன்னிரண்டே காலுக்குள் முடித்துவிட்டால், அமெரிக்காவில் அந்தச் சொல் பிறக்கவே இன்னும் அரை நாள் பாக்கி. மத்தியானச் சாப்பாடு முடிந்து மீட்டிங்கில் கண் சொருகிக்கொண்டிருக்கும் மருமகளின் போனில், நாளைய சொல்லுக்கு இன்றைக்கே க்ளூ வந்து விழும்.

"அப்பா, நாங்க இன்னும் இன்னிக்கு உள்ளதையே போடலை" என்று மகன் கெஞ்சுவான்.

"அவசரமில்லைடா. எழுதி வெச்சுக்கோ."

அவர் க்ளூவில் ரகங்கள் பல. முதல் ரகம் விடையைவிடப் பெரிதாக இருக்கும். "நான் சொல்லமாட்டேன். எஸ்-ல ஆரம்பிச்சு என்-ல முடியும், நடுவுல ரெண்டு ஓ, பாக்கி ஒரே எழுத்துதான், அதை மட்டும் நீயே கண்டுபிடி." இது பரவாயில்லை, பல்லைக் கடித்துக்கொண்டு போய்விடலாம். "இன்னிக்கு ரொம்ப ஈஸி" என்று ஒரே வரியில் ஒன்று வரும், அதுதான் கொடுமை. அது எந்தச் சொல்லுக்கும் க்ளூ அல்ல, நம்முடைய மூளைக்கு வைத்த மதிப்பெண். ஐந்தாவது முயற்சியில் தவித்துக்கொண்டிருக்கும்போது அந்த வரியைப் படித்துப் பாருங்கள், தெரியும்.

வேர்டில்காரர்களுக்கு ஒரு பொறி உண்டு. கடைசி நாலெழுத்தும் ஐ-ஜி-எச்-டி என்று பச்சையாகிவிட்டால், லைட், நைட், ரைட், ஃபைட், மைட், சைட், டைட் என்று ஆறு முயற்சிக்கு மேலேயே சொற்கள் வரிசையில் நிற்கும். அப்படி ஒரு நாளில் மாமா கொடுத்த க்ளூ: "ராத்திரி ஆனா வரும்." லைட்டும் வரும், நைட்டும் வரும். எங்கள் வீட்டைப் பொறுத்தவரை ஃபைட்டும் வரும்.

ஆனால் அவருடைய தலைசிறந்த ரகம் குடும்பச் சரித்திர ரகம். ஸ்பூன் என்று வந்த நாளை எங்கள் வீட்டில் யாரும் மறக்க மாட்டார்கள். கட்டங்களுக்குக் கீழே மாமா எழுதியிருந்தார்: "பெரியக்கா கல்யாணத்தில் காணாமல் போனது."

நியூஜெர்சி மருமகள் பாவம், வெளியிலிருந்து வந்த பெண். "நகையா மாமா?" என்று கேட்டாள். அதற்குள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் மௌனமாகவே இருந்து பழகிய பெரியக்காவே, அதாவது என் பெரியம்மா, வாய் திறந்தார். "காணாமல் போகவில்லை. எடுத்துக்கொண்டு போனார்கள்." கோயம்புத்தூர்ச் சித்தப்பா ஒருவர், "யார் என்பதையும் சொல்லிவிட்டால் நன்றாயிருக்கும்" என்றார். பெரியப்பா, மாப்பிள்ளை வீட்டார் சார்பில், தம் அம்மா அந்தக் கரண்டியைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை என்று அறிவித்துவிட்டுக் குழுவிலிருந்து வெளியேறினார். வெள்ளிப் பாயசக் கரண்டி, பன்னிரண்டில் ஒன்று, சம்பந்தி வீட்டுப் பூஜை அறையில் பிற்பாடு பார்த்ததாக ஒரு சாட்சி, ஆடியில் சீர் அனுப்பாமல் நிறுத்திய கதை, எல்லாம் சாயங்காலத்துக்குள் வெளியே வந்துவிட்டன. கடைசியில் மாமா மனம் நொந்து எழுதினார்: "ஆளாளுக்குக் கரண்டி கரண்டி என்று விடையைப் போட்டு உடைத்துவிட்டீர்களே. நான் க்ளூதானே கொடுத்தேன்?"

ஆங்கிலத்தில் 26 எழுத்து, நமக்கு 247. தமிழில் இதே மாதிரி ஆட்டம் ஆடிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், முதல் முயற்சியில் பெரும்பாலும் எல்லாக் கட்டமும் சாம்பல்தான். உதவி நிஜமாகவே தேவைப்படும் இடம் அது. மாமா அதிலும் தம் நேர்மையைக் காப்பாற்றிக்கொள்வார். "எந்த எழுத்துன்னு நான் சொல்லமாட்டேன். ஆனா சின்ன ல-வும் இல்ல, பெரிய ள-வும் இல்ல."

2022 மே மாதம் ஒரு நாள் அவருக்குச் சறுக்கியது. அன்றைய சொல் ஹோமர். பொதுவாகப் பெயர்ச்சொற்களில் ஆள் பெயர், ஊர்ப் பெயரெல்லாம் வேர்டிலில் விடையாக வராது என்பது மாமாவுக்குத் தெரியும். ஆனால் பச்சைக் கட்டங்களைப் பார்த்ததும் கிரேக்க மகாகவி கண்முன் வந்து நின்றுவிட்டார். "கண் தெரியாதவர். இலியட் எழுதினவர்" என்று க்ளூ கிளம்பிவிட்டது. இங்கிலாந்தில் பாதிப் பேரும் அன்றைக்கு இதே குழப்பத்தில்தான் இருந்தார்கள். இந்தச் சொல்லை அகராதியில் தேடியவர்கள் அத்தனை பேர் என்பதால் கேம்பிரிட்ஜ் அகராதி அதையே 2022ஆம் ஆண்டின் சொல்லாக அறிவித்தது. நியூஜெர்சிப் பேரன் மட்டும் பல்துலக்கிக்கொண்டே மூன்றாவது முயற்சியில் போட்டுவிட்டு, "தாத்தா, இது பேஸ்பால். பந்தை மைதானத்துக்கு வெளியே அடிக்கிறது" என்று குரல் பதிவு அனுப்பினான். "கவிஞரும்தான்டா" என்றார் மாமா. அதற்கு மேல் விசாரணை கிடையாது.

க்ளூ கொடுப்பது எத்தனை அபாயமான தொழில் என்பதற்கு மாமாவிடம் ஒரு கதை உண்டு. வீட்டுக்கு வருகிறவர்கள் காப்பி குடித்து முடிப்பதற்குள் அது ஆரம்பமாகிவிடும். 1944. நார்மண்டிக் கரையில் படைகளை இறக்க நேச நாடுகள் ரகசியமாகத் தயாராகிக்கொண்டிருந்த மே மாதம். லண்டன் டெய்லி டெலிகிராஃப் குறுக்கெழுத்தில் யூட்டா என்று ஒரு விடை வந்தது. பிறகு ஒமாஹா. பிறகு ஓவர்லார்ட், மல்பெரி, நெப்டியூன். எல்லாம் அந்தப் படையெடுப்பின் ரகசியக் குறிப்பெயர்கள். புதிர் போட்டவர் ஒரு பள்ளித் தலைமையாசிரியர். எம்.ஐ.5 உளவுத் துறையினர் வீடு தேடிப் போய் அவரைக் குடைந்தார்கள். மனுஷருக்கு ஒன்றும் தெரியவில்லை. நாற்பது வருஷம் கழித்துத்தான் அவருடைய பழைய மாணவர் ஒருவர் உண்மையைச் சொன்னார்: கட்டத்தில் சொற்களை நிரப்பும் வேலையைத் தலைமையாசிரியர் பையன்களிடம் விடுவாராம், பக்கத்து முகாமில் சிப்பாய்கள் வாயில் அடிபட்ட சொற்களைப் பையன் எடுத்து நிரப்பிவிட்டான். அதாவது விடை பையனுடையது. அதற்குக் க்ளூ எழுதிக்கொடுத்தது மட்டும்தான் ஆசிரியர்.

"பார்த்தியா, க்ளூ குடுத்தவன் மேல ஒரு தப்பும் இல்லை" என்று முடிப்பார் மாமா. டவராவை எடுக்க வரும் அத்தை, "அந்த எம்.ஐ. அஞ்சை இங்க ஒரு நாள் அனுப்பச் சொல்லு" என்பாள்.

எனக்கும் இதில் ஒரு கருத்து உண்டு. க்ளூ எழுதுவது ஒரு வித்தை. அதற்குச் சட்டதிட்டம் இருக்கிறது. இங்கிலாந்தில் பெரிய புதிர்க்காரர்கள் டார்க்குமாடா, ஸிமனீஸ் என்று புனைபெயர் வைத்துக்கொண்டார்கள். இரண்டும் ஸ்பெயின் நாட்டில் மதவிசாரணை என்ற பெயரில் மனிதர்களை வதைத்த அதிகாரிகளின் பெயர்கள். பெயர்தான் அப்படியே தவிர, ஸிமனீஸ் 1966இல் ஒரு புத்தகமே எழுதிச் சட்டத்தை வகுத்துவைத்தார். க்ளூவின் ஒரு முனையில் விடையின் பொருள் இருக்க வேண்டும், மிச்சத்தில் விடைக்குப் போகும் வழி இருக்க வேண்டும், வெட்டியாக ஒரு சொல் இருக்கக் கூடாது. தவறான பக்கம் கைகாட்டலாம், பொய் சொல்லக் கூடாது. தமிழுக்கு இது புதிதல்ல. தொல்காப்பியம் பிசி என்று சொல்வது நம் விடுகதையைத்தான். தென்மாவட்டங்களில் அழிப்பாங்கதை என்று பாட்டிகள் போடுவார்கள், யாழ்ப்பாணத்தில் நொடி என்பார்கள். போட்ட பாட்டி வாயை மூடிக்கொண்டு வெற்றிலையை மெல்லுவாள். பிள்ளைகள் தவிக்கத் தவிக்க அவளுக்குக் குஷி.

ஒரு தடவை மாமாவைச் சோதிக்கலாம் என்று நானே ஒன்று செய்து கொடுத்தேன்: "சிவன் ஏறும் பதில்." இரண்டெழுத்து. மாமா கொஞ்ச நேரம் விரலை மடக்கிப் பார்த்துவிட்டு, "விடை" என்றார். எருதுக்கும் அதுதான் பெயர், பதிலுக்கும் அதுதான் பெயர் என்று சரியாகவே விளக்கினார். "நல்லாத்தான் இருக்கு. ஆனா ஒண்ணு குறையுது." என்ன குறைகிறது என்றேன். பேப்பரை வாங்கித் திருத்தித் தந்தார்: "சிவன் ஏறும் பதில். மாடுதான், ஆனா பசு இல்லை. கேள்வி கேட்டா வரும். உன் பத்தாங்கிளாஸ் பரீட்சையில் உனக்குத் தெரியாதது."

குறை என்ன என்று எனக்கு அப்போதுதான் பிடிபட்டது. என் க்ளூவில் என்னைக் காணோம். அவருடையதில் அவர் நடுநாயகமாக உட்கார்ந்திருக்கிறார். நாம் விடையைக் கண்டுபிடிக்க வேண்டும் என்பதில் அவருக்கு ஆட்சேபணை இல்லை. தம்மைத் தாண்டிப் போய்க் கண்டுபிடித்துவிடக் கூடாது, அவ்வளவுதான்.

இத்தனை பெரிய உபகாரிக்கு யாராவது க்ளூ கொடுத்தால் என்ன ஆகும்? அதற்கும் ஆள் இருக்கிறது. மெல்பர்ன் சகலை.

அத்தையின் தங்கை வீட்டுக்காரர். ஓய்வு பெற்றபின் பிள்ளையோடு போய் இருக்கிறார். தூக்கம் வராத மனுஷர். மெல்பர்ன் நமக்கு நான்கரை மணி நேரம் முன்னால், அவர்கள் கோடைகாலத்தில் ஐந்தரை. அங்கே பன்னிரண்டு அடிக்கும்போது இங்கே மாமா சாயங்கால விளக்கு ஏற்றியதும் சுண்டல் கிண்ணத்தோடு டிவி முன்னால் உட்கார்ந்திருப்பார். சரியாக ஏழே முக்காலுக்குள் போன் குனுகும். சகலை நீட்டி முழக்க மாட்டார். இரண்டு சொல், மூன்று சொல், அத்தோடு ஒரு கண்ணடிக்கும் பொம்மை. மாமா படிக்காமல் இருக்கத்தான் பார்ப்பார். முடியாது. படித்த மாத்திரத்தில் விடை தெரிந்துவிடும். சகலை க்ளூ அப்படி. அதற்குப் பிறகு நள்ளிரவு வரை விழித்திருந்து, தெரிந்த சொல்லை இரண்டு தடவை வேண்டுமென்றே தப்பாகப் போட்டு, மூன்றாவதில் கண்டுபிடித்ததாகக் கட்டம் அனுப்புவது என்பது மானமுள்ள மனிதன் செய்கிற வேலையா?

"அடுத்தவன் யோசிக்கறதைக் கெடுக்கறான். இதெல்லாம் ஒரு பண்பா?" என்று அத்தையிடம் கேட்டார். அத்தை பதில் சொல்லவில்லை. கையிலிருந்த கத்திரிக்காயை மட்டும் கொஞ்சம் அழுத்தி நறுக்கினாள்.

அடுத்த வீட்டுப் பையன் ஒரு வழி சொல்லிக்கொடுத்தான். புதிர் மாறுவது போனின் கடிகாரத்தைப் பார்த்துத்தான். தேதியை ஒரு நாள் தள்ளிவைத்தால் நாளைய சொல் இப்போதே வரும். மாமா மறுநாள் சாயங்காலம் ஆறரைக்கே தள்ளிவைத்தார். வந்தது. நாலாவதில் முடித்தார். விடை: போன். ஆங்கிலத்தில் ஐந்தெழுத்து. மெல்பர்னில் இன்னும் யாருக்கும் தெரியாத சொல் தம் கையில் இருக்கிறது என்ற பூரிப்பில், அரை மணி நேரம் செதுக்கி ஒரு க்ளூ தயார் செய்தார்: "1876இல் கிரஹாம் பெல் காப்புரிமை வாங்கியது, இன்று அவருக்கே எடுக்கத் தெரியாது." நல்ல க்ளூதான், ஒப்புக்கொள்கிறேன். வாட்ஸ்அப்பைத் திறந்தார். திறக்கவில்லை. உங்கள் போனின் தேதி தவறாக இருக்கிறது, சரிசெய்துவிட்டு வாருங்கள் என்றது. தேதியைத் திரும்பப் பழையபடி வைத்தால் போட்ட கணக்கெல்லாம் அழிந்து, தொடர் வெற்றி போய்விடுமோ என்று பயம். மணியோ ஏழு. ஏழரைக்கு மெல்பர்னில் சொல் வந்துவிடும்.

லேண்ட்லைனை எடுத்து மெல்பர்னுக்குப் போட்டார்.

அங்கே இரவு பதினொன்றரை. இந்தியாவிலிருந்து அந்த நேரத்தில் மணி அடித்தால் வெளிநாட்டில் இருக்கும் எந்தத் தமிழ் வீட்டிலும் ஒரே அர்த்தம்தான். எடுத்தது அத்தையின் தங்கை.

"அத்தான்! அக்காவுக்கு என்ன ஆச்சு?"

"ஒண்ணும் ஆகலைம்மா. அவர் முழிச்சுண்டு இருக்காரா? ஒரு க்ளூ…"

"எனக்கு ஒண்ணும் சொல்லாம மறைக்காதீங்க அத்தான். அக்காகிட்ட குடுங்க முதல்ல."

அழுகுரல் ஹாலுக்கே கேட்டது. அத்தை ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வந்து ரிசீவரை வாங்கினாள். தான் உயிரோடு இருப்பதை ஐந்து நிமிடத்தில் நிரூபித்துவிட்டாள். அதற்கப்புறம், பேச ஆரம்பித்தாயிற்று, வைப்பானேன் என்று முழங்கால் வலி, பிள்ளைக்குப் பெண் பார்ப்பது, அந்த வெள்ளிக் கரண்டி என்று போய்க்கொண்டிருந்தது. ஏழரை அடித்தது. எட்டு அடித்தது. மாமா எதிரே நின்று ஜாடை காட்டிப் பார்த்தார். அத்தை திரும்பி உட்கார்ந்துகொண்டாள்.

எட்டே காலுக்கு மாமா தோல்வியை ஒப்புக்கொண்டு தேதியைச் சரிசெய்தார். வாட்ஸ்அப் திறந்தது. தேங்கிக் கிடந்த சேதிகள் வரிசையாக வந்து விழுந்தன. மேலே சகலை, பச்சைக் கட்டங்கள், இரண்டே முயற்சி. கீழே ஒரு வரி: "முக்கால் மணி நேரமா என் பெண்டாட்டி காதுல இருக்கறது."

மாமா அதை எனக்குக் காட்டினார். "பாரு," என்றார், "இதுக்குப் பேரு க்ளூவா? விடையை நேரடியாவே சொல்றான்."